கணக்கு டீச்சரின் கோடை லீவு

பள்ளிக்கூடம் மூடி மூன்று வாரம் ஆகியும் கணக்கு டீச்சருக்கு லீவு விட்ட மாதிரியே இல்லை. காலை ஏழு மணிக்கே வெயில் சன்னல் கம்பிகளுக்கிடையில் நுழைந்து கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டது. எட்டு மணிக்குள் சமையலை முடித்து, ஒரு பையில் கலர் பென்சில்களும் அட்டைகளும், இன்னொரு பையில் பசைப் புட்டிகளும் கத்தரிக்கோல்களுமாக அடைத்துக்கொண்டு, மகளையும் கிளப்பிக்கொண்டு ஆலயத்துக்கு ஓடவேண்டும். ஒவ்வொரு கோடையிலும் அங்கே சபைப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு நாள் விடுமுறை வேதப்பள்ளி நடக்கும். எட்டு வருஷமாக அதற்கு டீச்சர்தான் பொறுப்பு. போதகர் வந்து ஆரம்ப ஜெபம் செய்வார். பிறகு பிள்ளைகளின் இரைச்சலுக்குப் பயந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"பள்ளிக்கூடத்துல வருஷம் பூரா மேய்ச்சது போதாதா? லீவுலயுமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அவர் தண்ணீர் பம்பு ரிப்பேர் பார்க்கிறவர். கோடையில் அவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

"அது சம்பளத்துக்கு. இது சந்தோஷத்துக்கு" என்று டீச்சர் சிரிப்பாள். இந்த வருஷமும் அவர் கேட்டார். டீச்சர் பசைப் புட்டியின் மூடியைத் திருகி மூடி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றாம் நாள். கூடத்தில் மின்விசிறிகள் சூடான காற்றையே கிளறிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, காகித ஆடுகளின்மேல் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பஞ்சு ஆட்டின்மேலும் பாதி அவரவர் முழங்கையிலும் ஒட்டியிருந்தது. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப்பெண் தலையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஊசி அக்கா எப்ப வருவாங்க? அவங்கதானே சாக்ஸ்ல பொம்மை செஞ்சு பேச வைப்பாங்க?"

ஊசி என்பது பேக்கரிக்காரரின் மகள். ஒல்லியாக, நறுக்கென்று பேசுகிறவள் என்பதால் வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். சபையிலும் அதுவே நிலைத்துவிட்டது. டீச்சரின் மகளுக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. போன கோடை வரைக்கும் இருவரும் சேர்ந்துதான் பழைய சாக்ஸுக்குப் பொத்தான் கண் தைப்பார்கள்.

டீச்சர் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பையன் முந்திக்கொண்டான். "அவங்க வரமாட்டாங்க. பரிச்சையில காப்பி அடிச்சிட்டாங்க. அவங்களோட சேரக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க."

"பேசாம ஒட்டு" என்றாள் டீச்சர். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

மேடையோரம் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த மகள் பாதியில் நிறுத்திவிட்டாள். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே போனாள். திரும்பி வரக் கால்மணி நேரமானது.

*

நடந்தது இதுதான். ஆண்டுப் பரீட்சையில் கணக்கு விடைத்தாள்களைத் திருத்தியவர் வேறொரு ஆசிரியர். சொந்த மகள் எழுதுகிற தாளை டீச்சர் திருத்தக்கூடாது என்பது பள்ளிக்கூடத்து விதி. அவர் இரண்டு தாள்களைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியையிடம் கொடுத்தார். பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதிய இரண்டு பெண்கள். மூன்று கணக்குகளில் ஒரே மாதிரித் தப்பு. ஒருத்தி ஊசி. இன்னொருத்தி டீச்சரின் மகள்.

"உங்க பொண்ணுங்கறதை மறந்துட்டுப் பாருங்க" என்று தலைமையாசிரியை தாள்களை டீச்சர் பக்கம் தள்ளினார். "யாரைப் பார்த்து யார் எழுதினாங்க? உங்க வார்த்தையை நான் நம்பறேன்."

டீச்சர் பார்த்தாள். எட்டாவது கணக்கு, ஒரு தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு. ஊசியின் தாளில் ஓரத்தில் பெருக்கல் இருந்தது. அடித்தல் திருத்தலோடு, கோணல்மாணலாக, ஆனால் படிப்படியாக. கடைசிப் படியில் 68 என்று வந்ததை மேலே எடுத்து எழுதும்போது அவசரத்தில் 86 ஆக்கியிருந்தாள். மகளின் தாளிலும் 86 இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு வரி இல்லை, ஒரு கிறுக்கல் இல்லை.

இருபது வருஷம் விடைத்தாள் பார்த்த கண். ஒரு நொடி போதும்.

"என் பொண்ணுக்குப் பார்த்து எழுதவேண்டிய அவசியம் இல்ல மேடம்" என்றாள் டீச்சர்.

அது பொய் இல்லை என்று அப்போது தோன்றியது. அவசியம் இல்லைதானே? வீட்டிலேயே கணக்கு டீச்சர் இருக்கும்போது என்ன அவசியம்? தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு, "அப்ப அந்தப் பொண்ணுதான்" என்றார். டீச்சர் மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்ததுதான் அவள் செய்தது.

மறுநாள் பேக்கரிக்காரரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் முழங்கையில் மாவு காய்ந்திருந்தது, அப்படியே ஓடிவந்திருக்கிறார். மகளைப் பார்த்து ஒரே ஒரு தடவை கேட்டார்: "நீ பண்ணினியா?"

"இல்லப்பா."

"அப்ப டீச்சர் பொய் சொல்றாங்களா?"

ஊசி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "மன்னிச்சிடுங்க டீச்சர். எங்க வளர்ப்பு சரியில்ல" என்றார். அவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதைத்தான் டீச்சரால் அதன்பிறகு மறக்கவே முடியவில்லை.

ஊசிக்குக் கணக்கில் பூஜ்யம் போட்டு அதே வகுப்பில் நிறுத்திவைத்தார்கள். "படிச்சது போதும், கடைக்கு வா" என்று அப்பா சொல்லிவிட்டார் என்று கேள்வி. அதற்குப் பிறகு சீக்கிரமே அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பேக்கரி திறந்திருந்தது.

*

வேதப்பள்ளியின் நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து: இயேசுவின் நினைவாக ரொட்டியும் திராட்சை ரசமும் பெறும் நாள், மனதில் பாவத்தை மறைத்துவைத்துக்கொண்டு அதை வாங்கக்கூடாது என்பார்கள். மேசையில் வெள்ளைத் துணி மூடி, தட்டில் ரொட்டி இருந்தது. பேக்கரிக்காரர் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினாரே தவிர, திருவிருந்து ரொட்டி அனுப்புவதை நிறுத்தவில்லை. வருஷக்கணக்காக அவர் வீட்டு ரொட்டிதான். காலையில் சுட்டது, துணியைத் தாண்டி அதன் வாசனை முன்வரிசை வரைக்கும் வந்தது.

வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். டீச்சரின் வரிசை எழுந்தபோது அவள் எழவில்லை. முழங்காலை நகர்த்தி மற்றவர்களுக்கு வழிவிட்டாள். வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். தலைவலி என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவர் போனார்.

பிறகுதான் பக்கத்தில் பார்த்தாள். மகளும் எழுந்திருக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டில்லாத வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் வீட்டுக்காரர் ஓர் அவசர வேலைக்குப் போய்விட்டார். சமையலறையில் டீச்சர் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். கைக்குட்டையால் துடைக்கத் துடைக்கக் கழுத்தில் வியர்வை வழிந்தது. மகள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா அடிப்பியா?"

"உன்னை எப்ப அடிச்சேன்?"

"அடிச்சாலும் பரவால்ல." மகள் மூக்கை உறிஞ்சினாள். "ஊசி காப்பி அடிக்கலம்மா. நான்தான். நான்தான் அவ தாளைப் பார்த்து எழுதினேன்."

கத்தி நின்றது. டீச்சரால் அந்த நேரத்தில் மிகச் சுலபமாக ஒன்று செய்திருக்கமுடியும். ஐயோ என்று அதிர்ச்சி காட்டியிருக்கலாம். மகளைக் கட்டிக்கொண்டு அழுது, கூட்டிக்கொண்டுபோய் மன்னிப்புக் கேட்கவைத்து, நல்ல தாயென்று பெயரும் வாங்கியிருக்கலாம். அந்த நினைப்பு வந்துபோனதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏன் அப்படிப் பண்ணினே?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு இந்த வருஷம் கணக்கு ஒண்ணுமே புரியலம்மா. கணக்கு டீச்சர் பொண்ணு கணக்குல தடுமாறுறான்னு எப்படிச் சொல்றது? உன்கிட்டச் சொன்னா, நீ ஒரு தடவை சொல்லித் தருவே, ரெண்டாவது தடவை முகம் மாறிடும். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயம்." இப்போது அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ ஆபீஸ்ல, என் பொண்ணு அப்படிப் பண்ணமாட்டாங்கற மாதிரி சொல்லிட்டியாமே. நீ என்னை அவ்வளவு நம்பியிருக்கேன்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா சொல்றது?"

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தாள். கையை ஈரத்துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"நம்பலடி."

"என்ன?"

"உன்னை நம்பிச் சொல்லல. தாளைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவ தாள்ல வழி இருந்தது. உன் தாள்ல விடை மட்டும்தான் இருந்தது."

மகளின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அவள் அம்மாவை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா அவளைச் சொன்னே?"

"ஆமா."

"நான் பயந்துபோய்ப் பண்ணினேன். நீ..." மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவ அப்பா உன்கிட்ட மன்னிப்புக் கேட்டாரேம்மா. நீ நின்னுட்டு இருந்தியே."

"நின்னுட்டுத்தான் இருந்தேன்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பாதியாகச் சுண்டும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு மகள் வந்து, அம்மாவைத் தொடாமல், பக்கத்தில் உட்கார்ந்து, மீதி உருளைக்கிழங்குகளை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள்.

*

வீட்டுக்காரர் மாலையில் வந்து, கை கால் கழுவி, கிரீஸ் வாசனையோடு சாப்பிட உட்கார்ந்தபோது டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முட்டையை உரித்துக்கொண்டே கேட்டார். உரித்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு அதைச் சாப்பிட மறந்துபோனார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப அதைக் கிளறி என்ன ஆகப்போகுது? இவளுக்கு ஒரு வருஷம் போகும். உன் வேலைக்கு என்ன ஆகுமோ. அந்தப் பொண்ணுக்கு நாம வேற வழியில உதவி செய்யலாம். படிக்க வைக்கலாம்."

"காப்பி அடிச்சவங்கற பேரோடவா?"

"நீ ஜெபத்துல பாவ அறிக்கை பண்ணிட்டே இல்ல?"

"மூணு வாரமாப் பண்றேன். விடியறதுக்கு முந்தி முழங்கால் போட்டு."

"அவர் மன்னிச்சிருப்பாரு. விடு."

"மன்னிச்சிருக்கலாம். ஆனா அது ஊசிக்குத் தெரியாதே" என்றாள் டீச்சர். "அவ அங்க அடுப்புகிட்ட நின்னு வெந்துட்டிருக்கா. நான் இங்க நிம்மதியா எழுந்திருச்சா, அது என்ன மன்னிப்புங்க?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டே, "நாங்க நாளைக்குப் போறோம்பா" என்றாள். அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "நானும் வரவா?" என்றார் கடைசியில். "வேண்டாம்" என்றாள் டீச்சர். அவர் கேட்டதே போதுமாக இருந்தது.

*

பேக்கரி கடைத்தெருவின் கடைசியில் இருந்தது. மறுநாள் வேதப்பள்ளி முடிந்ததும், மூன்று மணி வெயிலில், நிழலே இல்லாத அந்தத் தெருவில் இருவரும் நடந்துபோனார்கள். கல்லாவில் இருந்த ஊசியின் அம்மா இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. "அவர் உள்ள இருக்காரு. அடுப்பு நேரம்" என்றாள்.

பின்கட்டுக்குள் நுழைந்ததும் மூச்சு முட்டியது. வெளியே வெயில் என்றால் உள்ளே அதற்கு அப்பன். ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு செங்கல் அடுப்பு. பேக்கரிக்காரர் நீளக் கைப்பிடி வைத்த மரத் துடுப்பை உள்ளே விட்டு, ரொட்டி டின்களை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். கோடையில் மாவு சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடும்; ஐஸ் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சிறிது நேரமும் தாமதிக்காமல் அடுப்பில் வைக்கவேண்டும். அதனால் இந்த மாதங்களில் அவருக்கு உட்கார நேரமே கிடையாது. ஊசி மூலையில் நின்று, ஆறிய ரொட்டிகளை டின்னிலிருந்து தட்டி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்னைவிட ஒல்லியாக இருந்தாள். முன்கையில் இரண்டு இடத்தில் தீக்காயம் கறுத்திருந்தது.

"வாங்க டீச்சர்" என்றார் பேக்கரிக்காரர், சிறிது பதறி. "இங்க எதுக்கு வந்தீங்க, சூடு. ரொட்டி வேணும்னா சொல்லி அனுப்பியிருக்கலாமே. உக்காருங்க, ஸ்டூலைத் துடைச்சுப் போடு கண்ணு." தன் மகளிடம்தான் சொன்னார், ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உக்கார வரல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவங்களும் வந்தா நல்லது."

ஊசியின் அம்மா முன்பக்கத்திலிருந்து வந்து நின்றாள். டீச்சர் வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். எதுவும் இப்போது நினைவுக்கு வரவில்லை.

"உங்க பொண்ணு காப்பி அடிக்கல. என் பொண்ணுதான் இவ தாளைப் பார்த்து எழுதினா. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தாளைப் பார்த்ததுமே தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

"நான்தான் அங்கிள்" என்றாள் மகள். குரல் கீச்சென்று வந்தது.

பேக்கரிக்காரர் துடுப்பைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "இருங்க, உள்ள ஆறு டின் இருக்கு. கருகிடும்" என்றார். ஆறையும் எடுத்தார். ஒன்றன்பின் ஒன்றாக, எந்த அவசரமும் இல்லாமல், பலகைமேல் வைத்தார். கடைசி டின் மட்டும் கைநழுவிச் சத்தத்துடன் விழுந்தது. அடுப்பு வாயை மூடினார். பிறகும் டீச்சர் பக்கம் திரும்பவில்லை. தன் மகளிடம் போனார்.

"அன்னைக்கு நீ இல்லப்பான்னு சொன்னே."

"சொன்னேன்" என்றாள் ஊசி.

"நான் ரெண்டாவது தடவை கேக்கவே இல்ல."

"கேக்கல."

"இந்த ஒரு மாசமா உன்கிட்ட முகம் குடுத்துப் பேசவும் இல்ல."

ஊசி ஒரு ரொட்டியை டின்னிலிருந்து தட்டினாள். அது வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினாள். அவர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பெரிய உருவம், மூட்டை நெளிந்து மாவு புகைந்தது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். டீச்சருக்கு அவர் தன்னைத் திட்டினால் தேவலாம் என்று இருந்தது. தான் ஒரு பெண்ணின் மார்க்கைத்தான் எடுத்தோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்தப் பெண்ணின் அப்பாவையும் சேர்த்து எடுத்திருக்கிறோம் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது.

பேசினது ஊசியின் அம்மாதான்.

"டீச்சர், அதுக்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தோம். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. என் பக்கத்துல இடம் இருந்தது. யாரும் உக்காரல. பின்னாடி நின்னாங்களே தவிர உக்காரல. நான் இவளைத்தான் போட்டுத் திட்டினேன். உன்னாலதான்டின்னு. இவ ஒரு பதில் பேசல."

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"நான் என்ன சொல்றது? பத்துப் பேர் காதுல விழுந்தது. பத்து இப்ப நூறாயிருக்கும். எங்க மூணு பேர்கிட்ட மட்டும் வந்து சொல்லிட்டுப் போனா, நாங்க அதை எடுத்துட்டுப்போய் யார்கிட்டக் காட்டறது?"

"சபையில சொல்றேன். பள்ளிக்கூடத்துலயும் எழுதிக் கொடுக்கறேன்."

ஊசி முதல்தடவையாகத் தலையைத் தூக்கினாள். டீச்சரைப் பார்க்கவில்லை, தோழியைப் பார்த்தாள். "நீ ஆபீஸ் வாசல்ல நின்னுட்டு இருந்தே. நான் வெளிய வரும்போது உன்னைப் பார்த்தேன். நீ செருப்பைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சிட்டே."

"ஆமா" என்றாள் மகள்.

"எனக்கு வேலை இருக்கு" என்று ஊசி அடுத்த டின்னை எடுத்தாள்.

*

வேதப்பள்ளியின் நிறைவு நாள் அடுத்த ஞாயிறு ஆராதனையோடு சேர்ந்து வந்தது. பிள்ளைகள் மேடையில் நின்று பாடினார்கள். இருவர் தள்ளிக்கொண்டார்கள், ஒருத்தி கொட்டாவி விட்டாள், பெற்றோர்கள் அதற்கும் கைதட்டினார்கள். பிறகு வழக்கம்போலப் பொறுப்பாளர் இரண்டு வார்த்தை பேச வேண்டும். போதகரிடம் மட்டும் டீச்சர் முன்னாலேயே சொல்லியிருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டிருந்தார்.

டீச்சர் ஒலிபெருக்கியைத் தொடாமல் நின்றாள். இருபது வருஷம் வகுப்பில் கத்திய தொண்டை, ஒலிபெருக்கி தேவையில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். பேக்கரிக்காரர் குடும்பம் வந்திருக்கவில்லை. அவர்கள் வருவார்கள் என்று தானாகவே நினைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள். அவர்கள் எதற்கு வரவேண்டும்?

சொன்னாள். சுற்றிவளைக்காமல், தாளில் என்ன இருந்தது, தான் என்ன பார்த்தாள், என்ன சொன்னாள், என்ன சொல்லவில்லை என்று வரிசையாகச் சொன்னாள். பாதியில் மகள் தானாக எழுந்து வந்து பக்கத்தில் நின்று, "காப்பி அடிச்சது நான்" என்றாள். முன்வரிசையில் இருந்த வீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டார். எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை, ஆனால் உட்காரவில்லை.

பிறகு பல் விழுந்த சின்னப்பெண் மேடைப் படியிலிருந்து உரக்கக் கேட்டாள்: "அப்ப ஊசி அக்கா கெட்டவங்க இல்லியா டீச்சர்?"

"இல்லம்மா. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப நாளைக்கு பொம்மை செய்ய வருவாங்களா?"

"வேதப்பள்ளி இன்னையோட முடிஞ்சுதேம்மா" என்றாள் டீச்சர். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

ஆராதனை முடிந்து சிலர் வந்து கையைப் பிடித்தார்கள். சிலர் பார்க்காத மாதிரி செருப்பைத் தேடினார்கள். போதகர் தயங்கித் தயங்கி, "கொஞ்ச நாளைக்குப் பிள்ளைங்க பொறுப்புல வேற யாராவது..." என்று ஆரம்பித்தார். "நானே சொல்லணும்னு இருந்தேன் ஐயா" என்று அவள் பையிலிருந்து வேதப்பள்ளிப் பீரோச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியையின் முன்னால் கடிதத்தை வைத்தாள். அவர் படித்துவிட்டு, தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தார். அந்த 86-இன்மேல் விரலை வைத்தார்.

"அன்னைக்கு இதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"நான் பார்க்கல. நீங்க பார்த்தா போதும்னு விட்டுட்டேன்." அவர் கடிதத்தை மடித்தார். "இதை நான் மேல அனுப்பியாகணும்."

"அனுப்புங்க."

ஊசியின் மார்க் திரும்பி வந்தது. மேல் வகுப்புக்குப் போகலாம் என்று வீட்டுக்குக் கடிதம் போனது. டீச்சரின் மகள் அதே வகுப்பில் நின்றாள். டீச்சரை ஒரு பருவம் முழுக்க வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். பிறகு வந்தாலும் பரீட்சை வேலை எதுவும் கொடுக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டொரு நாள், "கூட ஒரு பம்பு பார்த்துக்கறேன்" என்று செருப்பிடம் சொல்வதுபோலச் சொன்னார். தினமும் மாலையில் மகளும் அம்மாவும் கணக்குப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது தடவை சொல்லித்தரும்போதும் முகம் மாறாமல் இருக்க டீச்சர் பழகிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மகளை அனுப்பிவிட்டு டீச்சர் வீட்டிலேயே இருந்தாள். இருபது வருஷத்தில் முதல் தடவை. துணி மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். நாலரை மணிக்கு மகள் வந்து உள்ளே போன சிறிது நேரத்தில் வாசலில் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

ஊசி நின்றுகொண்டிருந்தாள். புதுச் சீருடை, தோளில் பை. முன்கைத் தழும்பை முழுக்கைச் சட்டை மறைத்திருந்தது.

"உள்ள வாம்மா."

"இல்ல டீச்சர். அப்பா வெளிய சைக்கிள்ல நிக்கறாரு. இனிமே அவர்தான் தினம் கொண்டுவிட்டுக் கூட்டிட்டுப் போவாராம்." அதைச் சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்து மறைந்தது. பிறகு பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டு வரச் சொன்னாங்க."

"சொல்லு."

"உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டு வரச் சொன்னாங்க." ஊசி நிமிர்ந்து பார்த்தாள். அலுவலகத்தில் பார்த்த அதே பார்வைதான். இந்தத் தடவை டீச்சர் கண்ணை எடுக்கவில்லை. "ஆனா எனக்கு இன்னும் வரல டீச்சர். வராம சொன்னா அது பொய்யாயிடும்."

"ஆமாம்மா."

"தினம் ஜெபத்துல கேக்கறேன். ஒரு நாள் வந்த மாதிரி இருக்கு, மறுநாள் காலையில போயிடுது."

"வரலேன்னாலும் உன்மேல தப்பில்ல."

"இல்ல, வரணும்." அவள் கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். "எனக்கே வேணும். இப்படியே வெச்சிட்டு இருக்க முடியல." படியில் இறங்கினாள். வெளியே சைக்கிள் மணி ஒருமுறை அடித்தது. அவள் மறுபடி திரும்பினாள்.

"வந்ததும் நானே வந்து சொல்றேன். நடுவுல என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேக்காதீங்க."

"கேக்கமாட்டேன்" என்றாள் டீச்சர்.

உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மகள், "என்னையும் சேர்த்துத்தான் சொன்னாளாம்மா?" என்று கேட்டாள். டீச்சருக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள்.